முள் இல்லாத குத்தல்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

வெளியே மதிலில் போகன்வில்லா பூத்துக் கிடக்கிறது. அதன் முள்ளும் தேசி முள்ளும் ஒரே சாதி. இலைக்கக்கத்தில், கிளை வரவேண்டிய இடத்தில், தண்டே முள்ளாக நிற்கிறது. இழுத்து முறித்தால் நாரும் உரிந்து வரும். ரோசாவில் அப்படியில்லை. பெருவிரலை வைத்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளு, பொட்டென்று கழன்றுவிடும். அது வெறும் தோல் வளர்ச்சி. நாகதாளியிலோ இலைதான் முள். அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பற்றைகளில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், பெரிய முள்ளைப் பிடுங்கிவிடலாம். அதன் அடியில் மயிர்போல இருக்கிற பொடிமுள்தான் தொல்லை. பின்னோக்கிய கொக்கிகள் உள்ளதால் இலேசில் வெளியே வராது.

கரணைக்கிழங்கு சீவும்போது கை அரிக்கிறதே, அதுவும் முள்ளின் வேலைதான். கிழங்கின் கலங்களுக்குள் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. குளிர்நாட்டுக் காஞ்சோண்டி இனம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதன் மயிர்நுனி சிலிக்காவால் ஆனது. தொட்டால் உடைந்து, தடுப்பூசி போடுவதுபோல மருந்தை உள்ளே இறக்கும். அந்த மருந்தில் இஸ்டமின், அசற்றைல்கோலின் என்ற இரசாயனங்கள் இருப்பதை 1947இல் எம்லின், பெல்ட்பேர்க் என்ற இருவர் காட்டினார்கள். பூனைக்காலிச் சுணை வேறு. அதிலிருப்பது ஒரு நொதியம். அதனால் இஸ்டமினைத் தடுக்கிற வழக்கமான அரிப்புக் குளிசை அதற்கு எடுபடாது.

ஆனால் குத்துவது முள். குத்தியதைச் சொல்வது நரம்பு. காலில் முள் ஏறியதும் முதலில் ‘சுரீர்’ என்கிறது. சற்றுப் பொறுத்துத்தான் எரிச்சலோடு நீடித்து வலிக்கிறது. இரண்டும் வேறு வேறு நார்கள் கொண்டுவரும் செய்திகள். வேகமான நாரில் செய்தி செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் ஓடும். மற்றதில் 2 மீற்றரைத் தாண்டாது.

நரம்பு பழுதானால் முள்ளே இல்லாமலும் இந்தச் செய்தி வரும். கோயிலில் சப்பாணி கட்டியிருந்து எழும்பும்போது கால் விறைத்து ஊசி குத்துவது பாதகமில்லை, சில நிமிடத்தில் போய்விடும். இரவிரவாகப் பாதம் குத்தினால் அதை விடக்கூடாது. சீனி வருத்தம் முதற்காரணமாக இருக்கலாம். முட்டை, பால்கூடத் தொடாத மரக்கறிக்காரருக்கு விற்றமின் பி12 குறைவும் காரணமாகலாம். ‘வாய்வு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேராவது இருப்பீர்கள்!

இதில் கொடுமை என்னவென்றால், இரவில் இல்லாத முள் குத்துகிற அதே கால், பகலில் மெய்யான முள் ஏறினால் அறியாது. கண்ணாடித் துண்டும் அப்படித்தான், சுடுதாரும் அப்படித்தான். புண் பழுத்த பிறகுதான் வீட்டில் தெரியவரும்.

கிளினிக்கில் ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்துக்கு வளைகிற இழை. கண்ணை மூடிக்கொண்டு, படுகிறதா இல்லையா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஆடிவேல் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்க நேர்த்தி வைத்திருக்கிற சீனி வருத்தக்காரர், அதற்கு முன்னரே இதைச் செய்துகொள்ளுங்கள். நடந்து வந்தபின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய ஏலாதவர்கள் நிலத்தில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து, அதற்கு மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம்.