ஏற்காட்டில் ஏரியல் கட்டுகிறீர்களா? எர்த்தையும் பாருங்கள்

[காட்சி: காப்பித் தோட்டத்து வீடு. சில்வர் ஓக் மரத்தை நோக்கி ஏறும் ஒயர்.]

வணக்கம். ஏற்காட்டில் ரேடியோவுக்கு ஏரியல் கட்ட உயரத்துக்குப் பஞ்சமே இல்லை. காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் போதும். சிக்கல் எல்லாம் கீழே, மண்ணில்தான்.

முதலில் ஒயர். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் செம்பு ஒயரே 15 முதல் 20 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையை உரிக்க வேண்டாம், அலைக்கு அது தடையில்லை. கையடக்க ரேடியோ என்றால் ஐந்தாறு மீட்டருக்கு மேல் வேண்டாம், திணறிவிடும்.

[காட்சி: கப்பியும் செங்கல்லும், மிக அருகில்.]

மரத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஒயர் நுனியில் பீங்கான் இன்சுலேட்டர், அதிலிருந்து நைலான் கயிறு, கயிறு கப்பி வழியாக இறங்கி அரைச் செங்கல்லைத் தாங்கட்டும். காற்றில் மரம் ஆடினால் செங்கல் ஏறி இறங்கும், ஒயர் அறாது. மின்சாரக் கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது. ஏரியல் அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

சரி, எர்த்துக்கு, அதாவது ரேடியோவை மண்ணோடு சேர்க்கும் இணைப்புக்கு வருவோம். ஒற்றை ஒயர் ஏரியலுக்கு எர்த்தான் மறுபாதி. அது இல்லையென்றால் வீட்டு ஒயரிங் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாமே காதுக்குள் இரைய ஆரம்பிக்கும். பலர் அப்போது ஏரியலை இன்னும் நீட்டுகிறார்கள். இரைச்சலும் சேர்ந்தே நீள்கிறது. மூன்று பின் பிளக்கின் எர்த்தும் இதற்கு உதவாது, அது அதே இரைச்சலைத்தான் கொண்டுவரும்.

[காட்சி: கடப்பாரை பாறையில் மோதுகிறது.]

சேர்வராயன் மலையில் பல இடங்களில் கொஞ்சம் இறங்கினாலே பாறை. மல்லுக்கட்டாதீர்கள். சமையலறைத் தண்ணீர் பாயும் வாழைப் பாத்தி இருந்தால் அந்த ஈர மண்ணில் எர்த் ராடை, அதாவது எர்த் ஒயரை மாட்டும் உலோகக் கம்பியை, இறக்குங்கள். அங்கேயும் இறங்காவிட்டால், ஏழெட்டு மீட்டர் ஒயர்கள் நான்கைந்தைத் தரையோடு விரித்து, ஏரியல் இறங்கும் இடத்தில் ஒன்றாக முறுக்கி இணையுங்கள். ரேடியோ அலைக்கு அது நல்ல எர்த். மின்னலுக்கு ஆகாது.

ராடு இறங்கியிருந்தாலும் நேரடி மின்னலை அது தாங்காது. சித்திரை, வைகாசியில் மேகம் கூடும்போதே ஏரியலைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்ட பிறகு அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் சோதனை. வானம் தெளிந்த ஒரு மதியம், பேட்டரியில் ஓடும் ரேடியோவில் திருச்சி வானொலியை, 936 கிலோஹெர்ட்ஸ், வையுங்கள். எர்த் ஒயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இன்னும் இரைந்தால் வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் அடங்கினால், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எது இரைகிறது என்று பிடித்துவிடலாம்.