ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கற்பனை உலகத்தை நம்ப வைப்பது அதன் விதிகளா, அதில் வாழும் மனிதர்களா என்பது தலைப்பு. விதிகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "கதைமாந்தர் அழும்போது வாசகரும் அழுதால் போதும், ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, அந்த மனிதர் எதற்காக அழுகிறார்? எந்தக் காயத்தையும் தொட்டதும் ஆற்றிவிடும் மருத்துவச்சி முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டால், பத்தாவது அத்தியாயத்தில் நாயகன் வெட்டுப்பட்டு விழும்போது யார் மனம் பதறும்? அவளால் எது முடியாது என்று சொன்னால்தானே பயம் வரும்?

யுரேனஸ் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 84 ஆண்டு. அதன் அச்சு ஏறக்குறைய 98 பாகை சாய்ந்திருப்பதால், துருவத்தில் 42 ஆண்டு வெளிச்சம், 42 ஆண்டு இருட்டு. அங்கே மனிதர் வாழ முடியாது. ஆனால் அதே கணக்கை வைத்து, மண்ணும் நீரும் உள்ள ஓர் உலகத்தை நாம் படைக்கலாம். விதி அந்த ஒன்றுதான். இப்போது கேள்விகள் தாமாக வரும்.

இருட்டில் எப்படிப் பிழைப்பார்கள்? வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வாழ்கிறார்கள் என்று வைப்போம். உடனே, ஊற்று யார் கையில் இருக்கிறது என்ற சண்டை வந்துவிடுகிறது. சூரியன் திரும்பும்போது எதை விதைப்பது? விதைகளைக் காப்பாற்றி வைத்தாக வேண்டும். குளிரும் உலர்வும் இருந்தால்தான் விதை நெடுநாள் தாங்கும், ஊற்றின் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். ஆகவே விதைக்கிடங்கு ஊரைவிட்டுத் தள்ளி, பனிக்குள் இருக்கும். அங்கே தனியாகக் காவல் இருக்க ஒருத்தி வேண்டும். சூரியன் மறைந்தபோது அவளுக்குப் 12 வயது. இன்று 52. வெளிச்சம் வர இன்னும் 2 ஆண்டு. ஊரில் பசி. இருட்டிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் கிடங்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். "சூரியன் வரும், வரும் என்கிறாயே, எங்களில் யார் அதைப் பார்த்தோம்? சாவியைக் கொடு."

நடுவர் அவர்களே, இந்தப் பெண்ணை நான் தேடிப் போகவில்லை. அச்சின் சாய்வுதான் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவளுடைய தனிமை, பிடிவாதம், அந்த இளைஞர்களின் கோபம் எல்லாமே விதி போட்ட குட்டிகள். விதியை எடுத்துவிடுங்கள், அவள் ஒரு பூட்டிய அறை வாசலில் காரணமில்லாமல் நிற்கும் பெண்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கோல்ரிட்ஜைத் துணைக்கு அழைத்தார். அவநம்பிக்கையை வாசகர் தாமே விரும்பி ஒதுக்கி வைக்கிறார் என்று அந்தக் கவிஞர் 1817இல் எழுதியது உண்மை. ஆனால் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற கற்பனை உலகக் கதையை எழுதிய டோல்கீன், 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையைப் பின்னர் விரித்தெழுதிய கட்டுரையில் அதை ஏற்கவில்லை. படைத்த உலகம் உறுதியாக இருந்தால் வாசகர் அதற்குள்ளேயே இருந்து நம்புகிறார். மந்திரம் கலைந்த பிறகுதான் அவநம்பிக்கையை ஒதுக்கி வைக்கும் பாடு வருகிறது என்பது அவர் கட்சி. பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் பொருந்தி நிற்கும் உலகத்தைச் செய்யத்தான் உழைப்பு வேண்டும் என்றார். அவரே அப்படி உழைத்தவர். தம் கதையில் நிலா ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் வேறிடத்தில் மறைகிறது என்று கண்டுபிடித்து, அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருந்ததை 1944இல் மகனுக்கு எழுதினார். அந்தப் பிசகை எத்தனை வாசகர் கவனித்திருப்பார்கள்? அவர் கவனித்தார், அதனால்தான் அந்த உலகத்தில் கால் ஊன்றி நடக்க முடிகிறது.

விதிகளைப் பக்கம் பக்கமாக விளக்கினால் கதை சலித்துப்போகும் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். விளக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும், பாத்திரத்தின் ஒவ்வொரு அடியிலும் அது தெரியும். ஆறு மேட்டை நோக்கி ஓடலாம். ஓடினால், படகுக்காரர் எந்தப் பக்கம் துடுப்பு வலிக்கிறார் என்பதை மட்டும் எதிரணியினர் சொல்லட்டும். சொல்லத் தொடங்கினாலே அவர்கள் எங்கள் அணிக்கு வந்துவிடுவார்கள். விதிகளே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.