கடித்த நாயும் வளர்த்த கையும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2022 ஜூலையில் லக்னோவில் ஓய்வுபெற்ற ஆசிரியையான மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் வளர்ந்த பிட் புல் நாய் கடித்து இறந்தார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. இந்தச் செய்திகளைப் படித்த ஒரு தாய், நம் தெருவில் அப்படியொரு நாயைக் கண்டதும் பிள்ளையை அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறாள் என்றால், அவளிடம் போய் "அம்மா, நாய் நல்ல நாய், பயப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவளுடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அப்படிக் கடிக்கிற நாய் பெரும்பாலும் எந்த வீட்டில், யாருடைய கையில், எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிப் பேசாமல் நாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் பிட் புல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கட்டிப்போட்ட காளையின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் இருந்தது. 1835இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தடுத்தது. வேடிக்கை பார்த்தவர்களோ திருந்தவில்லை. காளையை மறைத்து வைப்பது கடினம், நாயோடு நாயை மோதவிட ஒரு மறைவிடம் போதும் என்று கண்டுகொண்டார்கள். புல்டாக் நாயின் வலுவும் டெரியர் நாயின் வேகமும் சேர வேண்டும் என்று இரண்டையும் இணைசேர்த்தார்கள். அந்த வழியில் வந்த நாய்கள் குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போயின. அங்கே சண்டைக்கு மட்டுமன்றிப் பண்ணைக் காவலுக்கும் வீட்டுத் துணைக்கும் அவற்றை வளர்த்தார்கள். 1898இல் தொடங்கப்பட்ட யுனைடெட் கென்னல் கிளப் என்ற அமைப்பு அவற்றை அமெரிக்கன் பிட் புல் டெரியர் என்று பதிவு செய்தது. உலக அளவில் நாய் இனங்களை அங்கீகரிக்கும் எஃப்.சி.ஐ. அமைப்பின் பட்டியலில் இந்த இனம் இன்றுவரை இல்லை. "பேப்பரோடு பிட் புல் குட்டி" என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள், அது எந்த அமைப்பின் பேப்பர் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இந்தப் பிறப்பு வரலாற்றில் இருந்து அதன் குணத்தைப் பற்றி இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. மற்ற நாய்களைக் கண்டால் சீறுவதும், ஒருமுறை பற்றிவிட்டால் வலியைப் பொருட்படுத்தாமல் விடாமல் பிடித்து உலுக்குவதும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இயல்புகள். குட்டியாக இருக்கும்போது எல்லா நாய்களோடும் விளையாடிய பிட் புல், ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் முதிர்ச்சி அடையும்போது இன்னொரு நாயைப் பொறுக்காமல் போவது உண்டு. அதைக் கண்டு உரிமையாளர் திகைக்கத் தேவையில்லை, எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது செய்தி இதற்கு நேர்மாறானது. சண்டை நடக்கும் இடத்தில் நாயைப் பிரித்துத் தூக்குவதும், காயத்தைக் கழுவுவதும் மனிதக் கைகள்தாம். அந்தக் கையைக் கடிக்கும் நாய் அவர்களுக்கு உதவாது. ஆகவே மனிதரைக் கடிப்பது இந்த இனத்தில் விரும்பி வளர்க்கப்பட்ட குணம் அல்ல. நல்ல வளர்ப்பில் இருக்கும் பிட் புல், மருத்துவமனை மேசையில் ஊசி போடும்போதுகூட வாலை ஆட்டிக்கொண்டு நம் முகத்தை நக்க வருவதை என் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன்.

2022இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தவர்கள், தனியொரு நாயின் நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். இனத்தைச் சொன்னால் நாயின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி. ஆனாலும் பிட் புல் விரும்பிகள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, எல்லா நாயும் ஒன்றுதான்" என்று வாதிடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோபம் வருவது வேறு, கோபம் வந்தால் என்ன ஆகும் என்பது வேறு. ஒரு பொமரேனியன் பத்துமுறை கடித்தால் பத்துத் தழும்பு. இருபத்தைந்து கிலோ எடையுள்ள, விடாப்பிடியான ஒரு நாய் ஒருமுறை கடித்தால் ஓர் உயிர் போகலாம். அதன் தாடை பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிடும் என்பது கட்டுக்கதை. மற்ற நாய்களின் தாடை எலும்பு எப்படியோ அப்படித்தான் அதனுடையதும். விடக் கூடாது என்ற பிடிவாதம்தான் வேறுபாடு. அதனால்தான் இந்த நாயை வளர்ப்பவருக்கு மற்றவரைவிட அதிகக் கடமை இருக்கிறது என்கிறேன்.

நம் பகுதியில் நடப்பது என்ன? கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன; காதை வெட்டிக் கூர்மையாக்குவதையும் வாலை நறுக்குவதையும் அவை அனுமதிக்கவில்லை. ஆனாலும் வெட்டிய காதுக்கே அதிக விலை கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறது. பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் அது வாழ்நாள் முழுவதும் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. குழந்தையின் அழுகை, தலையில் கூடையோடு வரும் மீன்காரம்மா, பைக் சத்தம், குடை பிடித்த முதியவர், மேளம் என்று எல்லாவற்றையும் அது அமைதியாகச் சந்திக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில் நாம் அதை இருட்டறையில் கட்டிவைக்கிறோம், "வெளியாள் முகம் தெரியாமல் வளர்ந்தால்தான் கோபம் வரும்" என்ற நம்பிக்கையில். பிறகு மொட்டை மாடியில், சித்திரை வெயிலில், இரண்டடிச் சங்கிலியில் அதன் மீதி ஆயுள் கழிகிறது. ஓடுவதற்காகவே பிறந்த உடம்பு அது. அப்படி வளர்ந்த நாய், சங்கிலி அறுந்த அன்றைக்குத் தெருவில் கண்ட முதல் ஆளைக் கடித்தால், நாம் இனத்தின் மீது பழி போடுகிறோம். ஜீவகாருண்யத்தைப் பெருமையோடு பேசும் மாவட்டம் இது. வடலூர் நமக்குத் தூரமில்லை. அடுத்த வீட்டு மாடியில் நாள்தோறும் ஊளையிடும் நாயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

உறுமுவதற்காக நாயை அடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால் விளைகிற கேடு மிகப் பெரியது. உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை, விலகிக்கொள்" என்று நாய் தருகிற எச்சரிக்கை. அடித்து அந்த எச்சரிக்கையை நிறுத்திவிட்டால், அடுத்தமுறை அது உறுமாமலேயே கடிக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் பாய்ந்தது என்று சொல்லப்படும் நாய்களில் பல, முன்னறிவிப்புக் கொடுத்ததற்காக அடி வாங்கியவை.

இந்த நாயை வைத்திருப்பவர், தடுப்பூசியையும் உள்ளாட்சிப் பதிவையும் கருத்தடை அறுவையையும் முடித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. அதைப் பிடித்து நிறுத்தும் வலு உள்ள பெரியவர் மட்டுமே வெளியே கூட்டிப் போக வேண்டும். பள்ளிக்கூடப் பையன் கையில் சங்கிலியைக் கொடுத்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ அனுப்புவது, இரண்டு பேரையும் ஆபத்தில் தள்ளுவது. கூட்டமான இடத்தில் வாய்மூடி போடுங்கள். நன்றாகப் பழக்கினால் நாய்க்கு அது துன்பமே இல்லை. எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள். புயல் வரும் கரை நம்முடையது: 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதன்பின் தென்பெண்ணை வெள்ளம். வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குக் கிளம்பும்போது நாய் சங்கிலியில் இருந்தால், தண்ணீர் ஏறும்போது அதனால் நீந்தவும் முடியாது. அதையும் கூட்டிப் போக வழி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தடை போட்டால் தீராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு பிட் புல் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கு விற்பனை, வளர்ப்பு உரிமம் வழங்கக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. பிரிட்டன் 1991இலேயே பிட் புல்லைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்து எக்ஸ்.எல். புல்லி என்ற இன்னொரு வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பயமுறுத்தும் நாய் வேண்டும் என்று நினைக்கிறவன், ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றை வாங்குகிறான்.

நாயைத் துன்புறுத்துகிறவனுக்குத் தண்டனை எப்படி இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2007இல் மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், வர்ஜீனியாவில் தமக்குச் சொந்தமான இடத்தில் நாய்ச் சண்டை நடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அங்கே மீட்கப்பட்ட ஏறத்தாழ ஐம்பது பிட் புல் நாய்களைக் கொன்றுவிடுவதுதான் அதுவரை இருந்த நடைமுறை. இந்த வழக்கில் ஒவ்வொரு நாயையும் வல்லுநர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள். பெரும்பாலானவை உயிரோடு காப்பகங்களுக்கும் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட நாய்களில் சில பின்னர் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்களாகவும் பயிற்சி பெற்றன. அவற்றின் பராமரிப்புக்கு விக் சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறையைவிட இந்த உத்தரவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் துன்பப்பட்ட உயிருக்கு ஆகும் செலவு துன்புறுத்தியவன் தலையில் விழுந்தது.

நம் நாட்டில்? சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாக 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 11ஆம் பிரிவு நாயை அடிப்பதை மட்டுமன்றி, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் இருப்பதையும், பட்டினி போடுவதையும், கைவிடுவதையும் குற்றம் என்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்களை வணங்குகிறேன். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. அன்றைய ஐம்பது ரூபாய் வேறு. இன்றைக்கு அது இரண்டு, மூன்று டீக்குத்தான் போதும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் இந்தத் தண்டனைகளை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தை எதிர்பார்த்தது. 2022இல் ஒரு திருத்த வரைவும் வெளியானது. தொகை மாறவில்லை.

அதற்காக வழியே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்கீழ், ஒரு விலங்கைக் கொன்று அல்லது நஞ்சூட்டி அல்லது ஊனமாக்கித் தீங்கிழைத்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 291ஆம் பிரிவு, தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாத உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கடிபட்டவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. வதைத் தடுப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவில், தண்டிக்கப்பட்டவர் இனி விலங்கு வைத்திருக்கவே கூடாது என்று உத்தரவிடும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது. அந்த உத்தரவை அரசு வழக்கறிஞர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வழக்கில் சிக்கிய விலங்குகளின் பராமரிப்புக்கென வந்த வேறு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, வழக்கு நடக்கும் காலத்தில் மீட்கப்பட்ட விலங்கின் பராமரிப்புச் செலவையும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்து பெறலாம்.

நாய்ச் சண்டை நடத்துவதும் அதற்கு இடம் கொடுப்பதும், காவல்துறை பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். தென்னந்தோப்பிலோ சவுக்குத் தோப்பிலோ அப்படி நடப்பதாக அறிந்தால் நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். சங்கிலி, பட்டினி போன்ற மற்ற குற்றங்களுக்குப் புகாரோடு தேதியிட்ட படமும், முடிந்தால் கால்நடை மருத்துவரின் சான்றும் இருந்தால் வழக்கு நிற்கும். சான்று தர மருத்துவர்கள் தயங்கக் கூடாது என்று என் சக மருத்துவர்களையும் இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் வழக்குத் தொடரவே முடியாது. ஆகவே அடுத்த வீட்டு மாடியில் இன்று காண்பதை அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைக்காமல், இந்த வாரத்திலேயே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கி வையுங்கள்.