டிவியில் எரியும் வீடு

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அல்சூரில் எங்கள் வீட்டு டிவியில், சீரியலில் எங்காவது தீப்பிடித்தால் போதும், மனைவி என்னைக் கூப்பிட்டுவிடுவாள். “ஏங்க, இப்படித்தான் எரியுமா?” பெரும்பாலும் இல்லை என்பேன். சுற்றிலும் கொழுந்துவிட்டு எரியும். நடுவில் கதாநாயகி தலை கலையாமல் நின்று வசனம் பேசுவாள். நிஜத்தில் முதல் வரியிலேயே இருமல் வந்துவிடும்.

மகள் போட்டுக் காட்டிய ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அமெரிக்கக் குடும்பத் தொடர்தான் என்னை உட்கார வைத்தது. 2018 தொடக்கத்தில் ஒளிபரப்பான பகுதிகள். பழைய மின்சாரச் சமையல் பானை ஒன்று, சுவிட்ச் கோளாறால் இரவில் தானாகச் சூடேறி, பக்கத்தில் கிடந்த துணியில் தீப்பிடிக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவி சுவரில் இருக்கிறது, அதில் பேட்டரி இல்லை. இது அப்படியே நம் வீட்டுக் கதை. பானைதான் எனக்குக் கொஞ்சம் இடித்தது. மெதுவாகச் சமைக்கிற அந்தப் பானை இழுப்பது நம் மிக்ஸியைவிடக் குறைந்த மின்சாரம். தளர்ந்த பிளக்கைக் காட்டியிருந்தால் இன்னும் நம்பியிருப்பேன்.

அப்புறம் வெளிச்சம். எரிகிற வீட்டுக்குள் அந்த அப்பாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பயிற்சியில் ஓர் அறை முழுக்கப் புகை போட்டு ஆளை உள்ளே அனுப்புவோம். முதல் தடவை நான் போனபோது, நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. கதவு இரண்டடியில் இருந்திருக்கிறது. நான் எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். தரையோடு தவழ்ந்த பிறகுதான் வழி கிடைத்தது. இதே ஊரில் 2010 பிப்ரவரியில் கார்ல்டன் டவர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மேல்மாடிகளுக்கு ஏறியது புகைதான். மூச்சு முட்டி ஜன்னலை உடைத்துக் குதித்தவர்களும் உண்டு.

சரி, தொடர் எங்கே ஜெயித்தது? அந்த அப்பா தப்பித்து வெளியே வந்துவிடுகிறார். கையில் தீக்காயம், மருத்துவமனையில் பேசிச் சிரிக்கிறார். அப்புறம் திடீரென்று இதயம் நிற்கிறது. “இது சும்மா கதை” என்றாள் மனைவி. இல்லை, நடக்கக்கூடியதுதான். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே நல்ல காற்றுக்கு வந்த பிறகும் இதயம் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்.

அவர் வீட்டுக்குள் மறுபடி போனது நாய்க்காக. வரும்போது புகைப்பட ஆல்பத்தையும் அள்ளி வருகிறார். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது என்று 30 வருஷம் வகுப்பெடுத்தவன் நான். அதை அன்றும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவி கேட்டாள்: “ஏங்க, நம்ம வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?”

படுக்கையறை பீரோ, மேல்தட்டு என்றேன்.