நீலகிரியில் ஆள் குறைகிறது, வீடு பெருகுகிறது. ஏன்?

(காட்சி: மாலை நேரம். கோத்தகிரிச் சாலையில் தேயிலைச் சரிவு, நடுவே புதுக் காட்டேஜ்கள்.)

வணக்கம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011இல் 7,35,394 பேர். தமிழ்நாடு முழுக்க ஜனம் கூடிய அதே பத்து வருடத்தில் இங்கே 26 ஆயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுக் கட்டடம். மனிதர்கள் இறங்கிப் போன மலையில் வீடுகள் எப்படிப் பெருகின?

மானிடப் புவியியலாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மலையின் உயரத்தையும் மழையின் அளவையும் மற்றவர்கள் அளக்கட்டும். இந்த இடத்தில் யார் இருந்தார்கள், யார் போனார்கள், அந்த இடத்துக்கு யார் வந்தார்கள், அதை யார் தீர்மானித்தார்கள் என்று இவர் கேட்கிறார்.

(காட்சி: பச்சைத் தேயிலை மூட்டைகள் எடை போடப்படுகின்றன.)

போனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தராசில் இருக்கிறது. சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தேயிலையை அள்ளி வாங்கியது. அது 1991இல் உடைந்தது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த படுகர் குடும்பங்களுக்குப் பறிகூலியும் உரக்காசும் கட்டுப்படியாகவில்லை. 1960இல் நிறுவப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையும் டிஜிட்டல் கேமராவுக்குப் பின் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள்.

அதே நேரத்தில் அந்த மண்ணுக்கு வேறொரு விலை வந்தது. கிலோ கணக்கில் இலை விற்று வரும் காசுக்கும், பள்ளத்தாக்கைப் பார்த்த நிலத்தைச் சென்ட் கணக்கில் விற்று வரும் காசுக்கும் ஒப்பீடே கிடையாது. கடனில் இருப்பவர் எத்தனை வருடம்தான் தாக்குப்பிடிப்பார்?

(காட்சி: ஜூலை இரவு. சாரல். பூட்டிய கேட்.)

சீசன் முடிந்த பிறகு இருட்டியதும் இந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். பெரிய வீடு முழுக்க இருட்டாக இருக்கும். பின்பக்கம் ஒரே ஓர் அறையில் மட்டும் பல்பு எரியும். அது வாட்ச்மேன் குடும்பம். வாசலில் நனைந்த பள்ளிக்கூட ஷூ கவிழ்த்து வைத்திருக்கும், உள்ளே விறகுப்புகை. கணக்கெடுப்பில் அந்த வளாகத்தின் மக்கள்தொகை அவர்கள் மட்டுமே. உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ எண்ணப்பட்டிருப்பார். ஆள் குறைந்தும் வீடு கூடியதன் விடை பாதிக்கு மேல் இந்த ஒற்றை பல்பில் கிடைத்துவிடுகிறது.

எண்கள் சொல்லாததைக் கேட்க, ஆய்வாளர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, ‘உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்க’ என்பார். டாக்சி ஓட்டுநர் வரைவது சேரிங் கிராஸ், தொட்டபெட்டா, நெரிசல். ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கும் பாட்டி வரைவது ஓடை, கோயில், தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப்பாதை. அந்தப் பாதையில் இன்று கம்பி வேலி நிற்கலாம். நகரத் திட்ட வரைபடத்தில் அது பாதையாகவே இருந்திருக்காது என்பதால், அடைபட்டதும் யாருக்கும் தெரியாது.

(காட்சி: ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மந்து, அதாவது தோடர் குடியிருப்பு.)

சரி, உள்ளூர் மக்கள் என்கிறோமே, யார் அவர்கள்? 1820களில் ஜான் சல்லிவன் இங்கே வீடு கட்டி, ஏரி வெட்டி நகரத்துக்கு அடிபோடும் முன்பே தோடர் மந்துகள் இருந்தன. கோத்தர், குறும்பர், இருளர், படுகர் இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவர்களுடைய பேரன் பேத்திகள் பிறந்து வளர்ந்த ஊர் கூடலூரும் பந்தலூரும்தான். அவர்களை வந்தேறிகள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

டொரீன் மாஸி என்ற பிரிட்டிஷ் மானிடப் புவியியலாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். ஓர் ஊரை ஊராக்குவது அதன் எல்லைக்கோடு அல்ல, வெளியுலகோடு அதற்குள்ள தொடர்புகள் என்றார் அவர். அந்தத் தொடர்புகளில் சிலர் கையில் கடிவாளம் இருக்கிறது, சிலர் இழுபடுகிறார்கள் என்றும் சொன்னார். விலை சரிந்தால் இழுபடுவது இலை பறிக்கும் பெண். நல்ல விலை வரும்வரை இடத்தைப் பூட்டி வைத்துக் காத்திருக்க முடிவது காட்டேஜ்காரரால்.

(காட்சி: கல்லாறு சோதனைச் சாவடி.)

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். வண்டிகளை எண்ணாமல் இந்த மலையைக் காப்பாற்ற முடியாது, ஆகவே எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு இது தேவையில்லை. ஆனால் கோவையில் வேலைக்குப் போய் அங்கேயே வண்டி வாங்கியவர் படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குத் தன் ஹட்டிக்கு வரும்போது பாஸ் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த 26 ஆயிரத்துச் சொச்சத்தில் அவரும் ஒருவராக இருக்கலாம். ஊட்டித் தெருக்களில் மட்டும் பேட்டி எடுத்தால் அவர் அகப்படவே மாட்டார். அவரைத் தேடி ஆய்வாளர் மேட்டுப்பாளையம் தாண்டிக் கீழே இறங்கியாக வேண்டும்.