புழுவுக்கும் பங்கு உண்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பூந்தோட்டத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் இலையைப் பற்றியும் அதைத் தின்னும் புழுவைப் பற்றியுமே பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. பட்டாம்பூச்சி வேண்டும், தேன்சிட்டு வேண்டும், ஆனால் ஓர் இலையில்கூட ஓட்டை விழக்கூடாது என்று நினைக்கிற வீட்டில் இரண்டுமே தங்குவதில்லை. பட்டாம்பூச்சிக்குத் தேன் பல பூக்களில் கிடைத்துவிடும். அதன் புழுவுக்கோ குறிப்பிட்ட சில செடிகளின் இலை மட்டும்தான் சாப்பாடு. அந்தச் செடி இல்லாத தோட்டம் அதற்கு நெடுஞ்சாலையோர டீக்கடை மாதிரி. நின்று குடித்துவிட்டுப் போகும், குடியிருக்காது.

ஏற்காட்டு மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில், எங்கள் அப்பாயி வைத்த தோட்டம் ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றி ஏழெட்டு சென்ட் இருக்கும். வேலியோரம் எருக்கு. வாசலில் ஒற்றை நந்தியாவட்டை. கிணற்றடியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பவழமல்லி. மேற்கே முழுவதும் அரளி: செவ்வரளி, வெள்ளரளி, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு மாலை கட்ட அந்த அரளிதான். வேலிக்கம்பியில் ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருக்கும். அது இருந்தால் பாம்பு வராது என்று அப்பாயி உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால்தான் அந்தக் கொடியை யாரும் பிடுங்கவில்லை.

இதில் ஒரு செடியாவது பட்டாம்பூச்சிக்காக நட்டதா? இல்லை. பூஜைக்கு, மருந்துக்கு, ரசத்துக்கு நட்டவை. ஆனால் யார் யார் வந்து தின்றார்கள் என்று பாருங்கள். எருக்கிலைக்கு வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி. ஈஸ்வரமூலிக்குச் சிவப்பு உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட பெரிய அழகிகள். அரளிக்கு வெண்புள்ளிக் கருப்பன். நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் பருந்து அந்துப்பூச்சி. பூங்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் புத்தகம் புரட்டித் தயாரிக்கும் பட்டியல், அப்பாயியின் புழக்கடையில் தானாகவே அமைந்திருந்தது. சேலத்தில் பழைய வீடுகளின் பூஜைத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. அவற்றை நாம் பழமை என்று கழித்துவிட்டு, குரோட்டன்ஸும் கொரியன் புல்லும் வாங்கி வைத்தோம். புல்தரையில் எனக்குக் கோபமே உண்டு. தண்ணீரைக் குடிக்கிறது, ஒரு சிட்டுக்கும் ஒரு பூச்சிக்கும் உருப்படியாக எதுவும் தருவதில்லை.

அப்பாயிக்குப் பிறகு வீடு பல ஆண்டுகள் வாடகைக்குப் போயிற்று. கார் நிறுத்தப் பாதி நிலத்துக்குச் சிமென்ட் போட்டார்கள். மீதிப் பாதியில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியது. வீடு எங்கள் கைக்குத் திரும்பியபோது கிணற்றடிக் கறிவேப்பிலையும் ஓர் அரளியும்தான் மிச்சம்.

சிமென்ட்டை உடைப்பது கூலி வேலை, முடிந்துவிடும். அடியில் கிடந்த மண்தான் பாடாய்ப்படுத்தியது. காற்றும் ஈரமும் காணாத மண், செங்கல் போல இறுகிக் கிடந்தது. கட்டடக் கழிவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கடப்பாரையால் கிளறி, மழைக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்தோம். பூக்கத் தொடங்கும்போதே அதை மடக்கி மண்ணில் மிதித்துவிட வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. அதன்மேல் சருகு, சாணம், மறுபடியும் சருகு. மண்புழு தெரிந்த பிறகுதான் முதல் கன்றை வைத்தோம்.

உண்ணிச்செடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேர்வராயன் மலைச்சரிவுகளை அது எப்படி மூடியிருக்கிறது என்பதைக் கொண்டை ஊசி வளைவுகளில் போகிற எவரும் பார்க்கலாம். அதன் பூவில் தேன் உண்டு, பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். அதனால் அதை வெட்டாதீர்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தேன் கொடுக்கிற அதே செடி, கீழே புழுவுக்கு இலை தரக்கூடிய நம்முடைய செடி எதையும் முளைக்கவிடாமல் அடைத்துவிடுகிறது. ஆனால் ஒரே நாளில் ஜேசிபி விட்டு வழிப்பதும் தவறு. அந்தப் புதருக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கும், செண்பகப் பறவை ஒளிந்திருக்கும். நாங்கள் துண்டு துண்டாக எடுத்தோம். ஒரு துண்டில் ஆவாரையும் செம்பருத்தியும் ஆளாகிய பிறகே அடுத்த துண்டு. மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டிப் பெயர்த்து, தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். கொண்டைக்குருவி அதன் பழத்தைத் தின்று விதையை எச்சத்தோடு போடுவதால், முளைக்கிற கன்றுகளை வருடா வருடம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கம் இருந்து இங்கே வந்திருக்கிறவர்களுக்கு அரளியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? விடிவதற்குள் மொட்டாகப் பறித்து வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு ஏற்றுகிற ஊர். மல்லிகைக்கு இருக்கிற மரியாதை இதற்கு இல்லை. தலையில் வைப்பதில்லை, வாசம் இல்லை என்பார்கள். என்னைக் கேட்டால் சேலத்துப் பட்டாம்பூச்சிகளுக்கு அரளியைப் போல உபகாரம் செய்த பூச்செடி குறைவு.

வெண்புள்ளிக் கருப்பன் அதன் தளிர் இலையில் ஒற்றை ஒற்றையாக முட்டை இடுகிறது. வரும் புழு செம்பழுப்பு நிறம், உடலெங்கும் வளையம் வளையமாகக் கோடு, முதுகில் நான்கு ஜோடி கறுப்பு இழைகள். பார்த்தால் அருவருப்பாகத் தோன்றலாம். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஒரு நாள் இலைக்கு அடியில் வெள்ளி ஒன்று தொங்கும். வெள்ளி போல என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கூட்டுப்புழுவின் மேல்தோல் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அருகில் விரலைக் கொண்டுபோனால் விரல் அதில் வளைந்து தெரியும். சுற்றியிருக்கும் பச்சை இலையும் அதில் தெரியும். அதனால்தான் அது கண்ணுக்குத் தட்டுப்படாமல் தப்புகிறது. பட்டாம்பூச்சி வெளியே வருவதற்கு முன் வெள்ளி மங்கி, உள்ளே மடிந்திருக்கும் கறுப்புச் சிறகு தோலுக்கு ஊடாகத் தெரியத் தொடங்கும். முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு அரளி இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இன்று நான் வந்தேன்.

அரளியில் இன்னொரு விருந்தாளி உண்டு. தரையில் மிளகு அளவுக்குக் கறுப்புப் புழுக்கைகள் சிதறிக் கிடந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு இருக்கும், பருந்து அந்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே முதுகில் இரண்டு நீலக் கண்கள் விரியும். அவை கண்களே அல்ல, வெறும் புள்ளிகள், சிட்டை மிரட்டுவதற்கு. முதிர்ந்ததும் பச்சை மாறிப் பழுப்பாகிக் கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழு ஆகிறது. நீங்கள் தினமும் விளக்குமாறு போட்டுச் சருகைக் கூட்டித் தீ வைத்தால் அதோடு இதுவும் போகும். எங்கள் தோட்டத்தில் நடைபாதை மட்டும் கூட்டப்படும். மரத்தடிச் சருகில் யாரும் கை வைப்பதில்லை.

இந்தப் பருந்து அந்து அந்தி சாய்ந்த பின் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். வெள்ளையாக, நீண்ட குழாயோடு, மாலையில் மணக்கிற மரமல்லி போன்ற பூக்கள் இத்தகைய நீண்ட நாக்குக்காரர்களை நம்பியே இருக்கின்றன. இரவெல்லாம் தோட்டத்தில் விளக்கு எரியவிடுகிறவர்கள் அதை அணைத்துவிட வேண்டும். அந்து விளக்கைச் சுற்றிக் களைத்துப்போகும்; பூவுக்குப் போகாது.

புழு பெருகினால் செடி செத்துவிடாதா என்று கேட்பீர்கள். அரளி மறுபடி தழைத்துக்கொள்ளும். எருக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். எலுமிச்சைக் கன்று சிறிதாக இருந்தால் சில புழுக்களை எடுத்துப் பெரிய கறிவேப்பிலை மரத்தில் விடுங்கள். மற்றபடி கணக்கைச் சிட்டுகளும் குளவிகளும் சிலந்திகளும் பார்த்துக்கொள்ளும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு தேனை நம்பி மட்டும் வாழ்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குஞ்சு வளரப் புரதம் வேண்டும். பூச்சியும் சிலந்தியும் பிடித்துத்தான் ஊட்டுகிறது. கூட்டைப் பின்னுவதும் சிலந்தி நூலால். எங்கள் பவழமல்லிக் கிளையில் பெட்டை கட்டிய கூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நார், பட்டைத் துணுக்கு, காய்ந்த இதழ் எல்லாம் சிலந்தி நூலில் ஒட்டியிருந்தன. வெளிப்புறம் முழுக்கப் புழுக்கைகள் ஒட்டப்பட்டிருந்தன. புழு தின்று போட்டதுகூட வீணாகவில்லை. நாம் ஒட்டடைக் கம்பு எடுக்கும்போது வீட்டுக்கு உள்ளே மட்டும் அடித்தால் போதும்.

மருந்து பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வீட்டுப் பூந்தோட்டத்தில் பூச்சிமருந்துக்கு இடமே இல்லை. இமிடாகுளோபிரிட் போன்றவை வேர் வழியாகச் செடி முழுவதும் ஏறி, மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். கொசுத்தேனீ முதல் மலைத்தேனீ வரை அதைத்தான் குடிக்கும். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புழு தோலுரிப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை. அது மாவுப்பூச்சி வேறு, பட்டாம்பூச்சிப் புழு வேறு என்று பிரித்துப் பார்க்காது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அதைக் காவல் காக்கும் எறும்புச் சாரியைத் தடுத்துவிட்டால் பொறிவண்டு வந்து மீதியை முடித்துவிடும்.

வாங்கும் செம்பருத்தி ஒற்றையாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிட்டிருக்கும். பார்வைக்கு நிறைவு, வண்டுக்கு ஏமாற்றம். ஏற்காட்டு வீடுகளில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவும் அப்படித்தான். நாம் ரசிக்கிற அந்த நீலமும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் மலட்டுப் பூக்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு நானும் ஆசையோடு போகிறேன். ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்கி வைக்கும் தோட்டக்காரர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். அங்கே ஒரு மூலையில் ஆவாரைக்கும் எருக்குக்கும் இடம் கொடுத்து, இலை கடிபட்டபடியே காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் வேண்டுகோள்.

மலையையும் நகரத்தையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். நடுவே ஒரு மலைப்பாதை. காப்பி, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்கு வந்த வெளியூர்ச் செடிதான். ஆனாலும் கோடை மழை விழுந்த பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூக்கும்போது அங்கே இரைவது நம் ஊர்த் தேனீக்கள். அந்தப் பூ சில நாளில் உதிர்ந்துவிடும்; ஆண்டின் மற்ற நாட்களில் தேனீ எங்கே போகும்? நிழல் மரங்களுக்கும், வேலிச்செடிக்கும், நம் வீட்டுத் துளசிக்கும். நீல வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இடையே கூட்டம் கூட்டமாக வலசை போகின்றன. இடையில் இருப்பது நம்முடைய ஊர்களும் சாலைகளும் மொட்டை மாடிகளும். மூக்கனேரியைச் சீர்செய்து, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் நட்ட பிறகு பறவைகள் வந்து அடைந்ததை இங்கே பலரும் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஏரிக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் தெருக்களில் வீட்டுக்கு நான்கு செடி இருந்தாலே வழி தொடர்ந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அரளி முழுவதும் நஞ்சு: இலை, பூ, பால், வேர் எல்லாமே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் கெடும். தவழும் குழந்தையும் ஆடும் இருக்கிற வீட்டில் கைக்கெட்டாத வேலியோரம் வையுங்கள். வெட்டிய அரளிக் கிளையை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. அடுத்தது பாம்பு. சருகும் தவளையும் இருந்தால் சாரை வரலாம். வந்தால் எலி குறையும். அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் எது சாரை என்று சந்தேகம் இருந்தால் கிட்டப் போகவேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெளியே மேசையில் ஒற்றை அரளிக் குச்சிகள் வைத்திருக்கிறேன், மூன்று நிறத்திலும். ஒரு சாண் நீளம், கீழ் இலைகளைக் கழித்தது. மணலும் மக்கிய சருகும் கலந்து நட்டு நிழலில் வையுங்கள். மழை தொடங்கும் நேரம் என்பதால் எளிதில் வேர்பிடிக்கும். பால் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஆவாரை விதை வேண்டிய மட்டும் இருக்கிறது. வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு விதைக்க வேண்டும். ஈஸ்வரமூலி விதை கொஞ்சம்தான் கிடைத்தது. அதைக் கொடி படர வேலி இருக்கிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் அடுத்த காய்ப்பில் தருகிறேன்.