ஏற்றத்தில் மட்டும் முழங்கும் எக்சாஸ்ட்: லோரி ஓட்டுநர் ஒருவரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை இங்கே பஹாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். அவருடையது ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லோரி. ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறார். இடையிடையே சிரம்பானிலிருந்து உரமும் ஏற்றி வருகிறார். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதால் புதியது போட்டபோது, முன்பு பக்கவாட்டில் முடிந்த வால்குழாயை வண்டியின் பின்பக்கம் வரை நீட்டிப் பற்றவைத்திருக்கிறார்கள். அதன் பிறகு, பாரத்தோடு புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் ஏறும்போது 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) அருகே காதை அடைக்கும்படி ஒரு முழக்கம் வருகிறது. ஆர்.பி.எம். மீட்டரின் முள் அதைத் தாண்டினாலும், அதற்குக் கீழே இறங்கினாலும் அடங்கிவிடுகிறது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று வேறொரு சத்தமும் கேட்கிறது; சூடேறியதும் மறைகிறது. எஞ்சினை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்களாம். செய்யத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

அண்ணே, இப்போதைக்கு எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்கள் இரண்டு தனித்தனிக் கோளாறுகளைக் காட்டுகின்றன. இரண்டுமே எஞ்சினுக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது எஞ்சின் சுழற்சியோடு வருகிறதா, வண்டியின் வேகத்தோடு வருகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். அதே பாரத்தில், ஒரு கியரில் 1500-இல் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு கியர் குறைத்து மீண்டும் 1500-க்குக் கொண்டுவாருங்கள். வேகம் மாறியும் முழக்கம் அதே 1500-இல் வந்தால், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டயர், பின் ஆக்சில் ஆகியவற்றின் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்துச் சோதிப்பது போதாது. பாரம் இல்லாதபோது எஞ்சின் குறைவாகவே எரிக்கிறது, எக்சாஸ்ட் துடிப்பும் வலுவிழந்து இருக்கும். அதனால்தான் பல பட்டறைகளில் வண்டி வாசலில் நிற்கும்போது இந்தச் சத்தம் பிடிபடுவதில்லை.

இனி அந்த 1500 என்ற எண்ணைப் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆறு சிலிண்டர்களும் எரிந்து முடிக்க இரண்டு சுற்றுகள் ஆகும், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்புகள். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று. ஆக, நொடிக்கு 75 துடிப்புகள் குழாய்க்குள் இறங்குகின்றன. நாதஸ்வரத்தில் குழலின் நீளம் சுரத்தைத் தீர்மானிப்பதுபோல, சைலன்சருக்குப் பின்னால் இருக்கும் வால்குழாய்க்கும் அதன் நீளத்துக்கேற்ற சொந்த அதிர்வெண் உண்டு. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் பயணம் செய்யும். சாதாரணக் காற்றில் அது 340 மீட்டர் சொச்சம்தான். இரு முனையும் திறந்த குழாயின் அதிர்வெண்ணைக் கணக்கிட, ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். குழாய் 3.2 மீட்டர் இருந்தால் விடை 75 வரும். எஞ்சினின் துடிப்பும் குழாயின் இயல்பும் அந்த இடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன, இதுதான் ஒத்ததிர்வு; முள் நகர்ந்ததும் அந்தப் பொருத்தம் கலைந்து முழக்கம் அடங்குகிறது.

ஆகவே, ஒரு அளவு நாடாவை எடுத்து, சைலன்சர் வாயிலிருந்து குழாயின் முனைவரை அளந்து பாருங்கள். மூன்று மீட்டரை ஒட்டி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் கணக்கை மட்டும் நம்பிக் குழாயை வெட்டிவிட வேண்டாம், ஏனென்றால் புகையின் சூடு குழாய் முழுக்க ஒரே அளவில் இருக்காது. முனையில் அரை மீட்டர் துண்டுக் குழாய் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். முழக்கம் 1300 பக்கம் இறங்கினால் குற்றவாளி குழாயின் நீளம்தான் என்று தெளிவாகிவிடும். அப்போது துண்டைக் கழற்றிவிட்டு, வால்குழாயை இரண்டு மீட்டர் அளவுக்குக் குறைத்துப் பழையபடி பக்கவாட்டில் முடித்தால், ஒத்ததிர்வு 2400 பக்கம் போய்விடும். பாரத்தோடு ஏறும்போது அந்தச் சுழற்சிக்கு உங்கள் லோரி போவதில்லை. குழாயின் வாய் கேபினுக்கும் தார்ப்பாய்க்கும் விலகி இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

துண்டுக் குழாய் போட்ட பிறகும் முழக்கம் 1500-ஐ விட்டு நகரவில்லை என்றால், குழாயைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பாருங்கள். ரப்பர் தாங்கிகள் இருந்த இடத்தில் இரும்புப் பட்டையை நேரடியாகப் பற்றவைத்திருந்தால், எக்சாஸ்ட் அதிர்வு முழுவதும் சேசிஸ் வழியாகக் கேபினுக்கு வந்து சேரும். தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கி ரப்பர் அடிக்கடி அறுகிறது என்று சொல்லி இப்படிப் பற்றவைப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அடுத்து விரிசல் விடுவது எக்சாஸ்டின் ஃபிளெக்சிபிள் குழாயாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த 'டிக் டிக்' சத்தம். குளிரில் கேட்டு, சூட்டில் மறைந்தால் பெரும்பாலும் அது மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் இரும்புக் குழாய்) கசிவு; இரும்பு விரிவடைந்து இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. ஆறு சிலிண்டர் மேனிஃபோல்ட் நீளமானது என்பதால் அதன் இரு கோடிகளிலும்தான் நகர்வு அதிகம். அங்கே அதை எஞ்சினோடு பிணைக்கும் ஸ்டட்டுகளே (திருகு கம்பிகளே) முதலில் உடையும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து, இணைப்பை அடைக்கும் தகடான கேஸ்கெட்டின் விளிம்பைப் பாருங்கள். மையைத் தேய்த்தாற்போல் கரும்புகைக் கறை விசிறியாகப் படிந்திருக்கும் இடத்தில்தான் கசிவு. கறை தெரியாவிட்டால், காற்றை வெளியே ஊதக்கூடிய வேக்யூம் கிளீனரின் குழாயை வால்குழாயில் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு முன்னால் கசிவு இருப்பதால் டர்போவைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வீணாகிறது. ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை கூடுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் பழுதிருந்தால் சத்தம் இப்படி இருக்காது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாதபோது, ஐடிலிங்கில் நொடிக்கு ஐந்து முறை போல, விட்டுவிட்டுத் தட்டும் தாளம் வால்குழாயில் கேட்கும். அப்படி இருந்தால் ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுடையது காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால், பழைய பம்ப் எஞ்சினில் செய்வதுபோல் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்த யாரையும் அனுமதிக்காதீர்கள். ஆயிரம் பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு) அளவையும் தாண்டும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

இரண்டில் எதை முதலில் செய்வது என்றால், மேனிஃபோல்ட்தான். முழக்கம் காதுக்குத் தொல்லை, ஆனால் கசியும் புகை கேபினுக்குக் கீழேயே தேங்குகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும்போது ஏர்கானுக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கேபினில் படுப்பதை, கேஸ்கெட்டும் ஸ்டட்டும் மாற்றி முடிக்கும்வரை நிறுத்திவிடுங்கள், அண்ணே. மாற்றிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.